நர்சிங் வகுப்பில் கதைக்கு என்ன வேலை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு நர்சிங் டியூட்டர். வார்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன், வகுப்பறைக்கு வந்து அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. எங்களுடையது ஒரு மிஷன் கல்லூரி. வாரத்துக்கு ஒரு மணி நேரம், கதை, ஓவியம், வேதாகமப் பகுதி, பழைய வரலாறு என்று ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு முதல் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். கால அட்டவணையில் அதற்கு 'விழுமியக் கல்வி' என்று பெயர். பிள்ளைகளுக்கு அது 'கதை பீரியட்'. பெற்றோர், சக டியூட்டர்கள், பிள்ளைகள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இரக்கத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியுமா? அது பிறவியிலேயே வருவதல்லவா?

பிறவியில் வருவதுதான். முதலாமாண்டில் சேர்கிற பிள்ளைகளிடம் அது தேவைக்கு மேலேயே இருக்கும். முதல் டிரெஸ்ஸிங்கைப் பார்த்துவிட்டு ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், இன்னொருத்தி ஹாஸ்டலுக்குப் போய் அழுவாள். மூன்றாமாண்டில் அதே பிள்ளைகள் 'அந்த ஹெர்னியா கேஸ்', 'பதினாலாம் பெட்' என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே என் வேலை இல்லாத இரக்கத்தை ஊற்றுவதல்ல, இருப்பது வற்றாமல் பார்த்துக்கொள்வது.

நல்ல சமாரியன் கதை எல்லோருக்கும் தெரியும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகிற வழியில் ஒருவன் கள்ளர்களிடம் அடிபட்டுக் கிடக்கிறான். ஆசாரியன் அவனைக் 'கண்டு' விலகிப்போகிறான், ஆலயப் பணி செய்கிற லேவியனும் 'கண்டு' விலகிப்போகிறான். சமாரியனும் கண்டான், ஆனால் அவனைப் பற்றிச் சொல்லும்போது இந்தக் கதையை எழுதிவைத்த லூக்கா மூன்று சொற்களை அடுக்குகிறார்: கண்டு, மனதுருகி, கிட்ட வந்து. மூன்று பேருக்கும் பார்வை ஒன்றுதான், காலடிதான் வேறு திசையில் போனது. இந்த மூன்றில் நடுவில் இருப்பதை யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. 'மனதுருகு' என்று கட்டளையிட்டால் முகத்தை மட்டும் சோகமாக வைத்துக்கொள்வார்கள். ஆனால் பார்க்கப் பழக்கலாம். கிட்டப் போகவும் பழக்கலாம். நடுவில் இருப்பது பெரும்பாலும் தானாக வந்து சேர்ந்துகொள்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும். 'மனதுருகி' என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கிற சொல்லிலிருந்து பிறந்தது. 'பெத்த வயிறு பதறுது' என்று நம் ஊர் அம்மாக்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கு ஓவியமும் கதையும் எதற்கு? வார்டிலேயே கற்றுக்கொள்ளலாமே?

வார்டில் நேரம் இல்லை. முந்தின ஷிஃப்டிடமிருந்து ஹேண்ட்ஓவர் வாங்கி முடிவதற்குள் மருந்து கொடுக்கிற நேரம் வந்துவிடும். முப்பது பேருக்கு பிபி பார்த்து எழுதி முடிப்பதற்குள் ரவுண்ட்ஸ் வந்துவிடும். ஒரு முகத்தை இரண்டு நிமிஷம் உற்றுப் பார்ப்பது வார்டில் நடக்காது, நடந்தாலும் அது மரியாதையாக இராது. படத்தில் இருக்கிறவரை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் முதலில் எடுக்கிற படம் பிக்காசோ 1897-இல் வரைந்தது. 'அறிவியலும் இரக்கமும்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அப்போது அவருக்கு 15 வயது. நாம் அறிந்த கோணல்மாணல் பிக்காசோ அல்ல, அச்சு அசலாக வரைந்த படம். இப்போது பார்சிலோனாவில் அவர் பெயரில் இருக்கிற அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கட்டிலில் நோயுற்ற ஒரு பெண். ஒரு பக்கம் உட்கார்ந்து நாடி பார்க்கிற டாக்டர், அதற்கு மாதிரியாக உட்கார்ந்தவர் பிக்காசோவின் அப்பாதான். மறுபக்கம் ஒரு கன்னியாஸ்திரி, ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் நோயாளிக்கு நீட்டுகிற கோப்பை.

பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி, "யார் எங்கே பார்க்கிறார்கள்?" என்று கேட்பேன். ஒரு வருஷம் ஒருத்தி எழுந்து, "டாக்டர் பேஷண்ட்டைப் பார்க்கலை மேடம், வாட்சைத்தான் பார்க்கிறார்" என்றாள். வகுப்பே தலையாட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு பையன் விடவில்லை: "பல்ஸ் எண்ணும்போது வாட்சைத்தானே பார்க்கணும்? கையைப் பிடிச்சிருக்கார்ல." அவன் சொன்னதும் சரி. நானே அதுவரை அந்தப் படத்தை 'டாக்டர் கல்நெஞ்சு, சிஸ்டர் கருணை' என்று சுலபமாகப் பிரித்துப் பார்த்து வந்தவள். அப்புறம் இன்னொருத்தி, "அந்த அம்மா தலையைத் தூக்காமல் அந்த கப்பைக் குடிச்சா புரையேறும்" என்றாள். இரக்கத்தைப் பற்றி நான் எடுத்த எந்தப் பிரசங்கத்தைவிடவும் அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. படத்துக்குள் போய் அந்த அம்மாவின் தலைக்குப் பின்னால் கை கொடுத்துவிட்டாள் அவள்.

யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களை ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் படங்களைப் பார்க்கப் பழக்கினார்கள். அதன் பிறகு நோயாளியைக் கவனிக்கும் திறன் கூடியதாக 2001-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். நமக்கு ஓவியக்கூடம் வேண்டாம், ஒரு கலர் பிரிண்ட் போதும்.

கிறிஸ்தவ விழுமியம் என்றால் என்ன? சேப்பலுக்குப் போவதா?

பல கல்லூரிகளில் அது சேப்பல் அட்டெண்டன்ஸ், வெள்ளை ஷூ, இழுத்துக் கட்டிய கொண்டை என்று சுருங்கிவிட்டது. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை ஒழுங்கு, விழுமியம் வேறு.

எனக்கு எல்லாம் ஒரே சொல்லில் இருக்கிறது: விசாரித்தல். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா சொல்வது, "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." பழைய மொழிபெயர்ப்பில் 'விசாரிப்பது' என்றால் கவனித்துக்கொள்வது. சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகும்போதும் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்கிறான். இன்று ஆஸ்பத்திரியில் 'விசாரணை' என்றால் ஒரு கண்ணாடிக் கவுண்டர், போலீஸில் விசாரணை என்றால் கேட்கவே வேண்டாம். ஊரில் மட்டும் இன்னும் பழைய பொருள் உயிரோடு இருக்கிறது, "உங்க அம்மாவை விசாரிச்சதாச் சொல்லு" என்கிறோமே. கேட்பதும் கவனிப்பதும் ஒரே சொல்லாக இருக்கிற மொழி நம்முடையது. வார்டுக்குப் போகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? 'ராத்திரி தூங்கினீங்களா பாட்டி' என்று கேட்பதே நர்சிங்கின் முதல் படி. நாங்கள் அதை அசெஸ்மென்ட் என்கிறோம்.

அப்புறம் கால் கழுவுதல். யோவான் 13-இல் இயேசு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். பெரிய வியாழன் ஆராதனையில் அதை அழகாகச் செய்கிறோம், கழுவப்படுகிற கால்கள் வீட்டிலேயே ஒருமுறை கழுவப்பட்டுத்தான் வரும். ஆகவே அந்தப் பகுதியை நான் சேப்பலில் படிப்பதில்லை, நோயாளி படுக்கையிலேயே மலஜலம் கழிக்கப் பெட்பேன் கொடுக்கப் பழகுகிற வாரத்தில் படிக்கிறேன். பேதுரு "என் கால்களைக் கழுவவே கூடாது" என்று ஏன் மறுத்தான் என்று கேட்டால், பிள்ளைகள் உடனே நோயாளியின் பக்கத்துக்கு வந்துவிடுவார்கள். "வெட்கமா இருந்திருக்கும் மேடம்." ஆமாம். கழுவுகிறவரின் தாழ்மையைப் பற்றி எவ்வளவோ பேசியிருக்கிறார்கள், கழுவப்படுகிறவரின் கூச்சத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரையை இழுத்துவிட்டு, போர்வையைத் தேவைக்கு மேல் விலக்காமல் வேலை செய்ய வேண்டும் என்பது அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறுகிற கல்வி நிறுவனத்தில் படிக்கிற எவரையும் அவர் சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது. 18 வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சிறுபான்மை நிறுவனம் என்பதால் இது மாறாது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். கதையைக் கதையாக வாசிப்பதில் எந்தப் பிள்ளைக்கும் சங்கடம் வந்து நான் பார்த்ததில்லை. சங்கடம் வருவது கதை முடிந்ததும் 'ஆகவே' என்று ஆரம்பிக்கும்போதுதான். அந்த 'ஆகவே'யை விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சமாரியன் கதையிலேயே உதவியவன் யூதன் அல்ல, யூதர்கள் ஒதுக்கிவைத்த ஜாதியைச் சேர்ந்தவன். அதைச் சொன்னவரே அந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டுத்தான் சொன்னார்.

மேலும், நம் மொழியிலேயே நர்ஸைப் பற்றி நர்ஸ்களுக்கே தெரியாத ஒரு குறள் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு பேரும் சேர்ந்தால்தான் மருத்துவம். 'உழை' என்றால் பக்கம், அருகு. மருந்தைப் பிழையில்லாமல் ஆக்கித் தருபவர் என்று உரை சொல்பவர்கள் உண்டு, அருகிலிருந்து கவனிப்பவர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டில் எதை எடுத்தாலும் அது இன்றைக்கு நம் டியூட்டிதான். நாலில் ஒரு பங்கு என்று வள்ளுவர் எழுதிவைத்திருக்கிறார், சம்பளப் பட்டியலில்தான் இன்னும் ஏறவில்லை.

நான் ஜோடியாக வாசிக்க வைக்கிற இன்னொன்று: பெதஸ்தா குளக்கரையில் 38 வருஷம் நோயாளியாகக் கிடந்த மனிதனின் கதையும், மணிமேகலையில் வருகிற ஆபுத்திரன் கதையும். முதலாவது கிறிஸ்தவம், இரண்டாவது பௌத்தம். குளக்கரை மனிதன் சொல்வது ஒன்றுதான், தண்ணீர் கலங்கும்போது என்னைக் கொண்டுபோய் விட 'ஒருவருமில்லை'. ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து வந்து ஊட்டுகிறான், யாருக்கு என்றால் "காணார் கேளார் கால்முடப் பட்டோர் பேணுநர் இல்லோர் பிணிநடுக் குற்றோர்" எல்லோருக்கும். மிச்சத்தைத்தான் தான் சாப்பிடுகிறான், பிச்சையோட்டையே தலைக்கு வைத்துத் தூங்குகிறான்.

பேணுநர் இல்லோர். வார்டு மொழியில் சொன்னால், அட்டெண்டர் இல்லாத பேஷண்ட். நம் ஆஸ்பத்திரிகளில் அட்மிஷன் போடும்போதே "கூட யார் இருக்கா?" என்றுதான் கேட்போம். மருந்து வாங்க, டெஸ்ட்டுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ள, கஞ்சி வாங்கி வர எல்லாவற்றுக்கும் ஒரு ஆள் வேண்டும். யாரும் இல்லாதவர் கட்டில் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். இரண்டு பகுதிகளையும் வாசித்த அந்த வாரம், 'உங்கள் வார்டில் பேணுநர் இல்லோர் யார் என்று பார்த்து வாருங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவேன். குளக்கரையில் இயேசு எடுத்த எடுப்பில் குணமாக்கவில்லை, "சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?" என்று முதலில் கேட்டார் என்பதையும் ஒருவராவது கவனித்துவிடுவார். அதற்குத்தான் இன்று சம்மதப் படிவம் என்று பெயர்.

நோயாளிக்காக வார்டில் ஜெபிக்கலாமா?

அவர் கேட்டால் ஜெபிக்கலாம். கேட்காவிட்டால் மனதுக்குள் ஜெபியுங்கள், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. படுக்கையில் இருப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோக முடியாது என்பதை மறக்கக் கூடாது. அவர் ஓத விரும்பினாலும், விபூதி பூசிக்கொள்ள விரும்பினாலும் அதற்கு இடம் செய்து கொடுப்பதும் அதே விழுமியம்தான்.

ஐடா ஸ்கடர் கதையைத்தான் எல்லா மிஷன் கல்லூரிகளிலும் சொல்கிறார்களே, அது போதாதா?

நல்ல கதை, ஆனால் சொல்கிற விதத்தில் தேய்ந்துவிட்டது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஐடா ஸ்கடர் 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர், மிஷனரி டாக்டர் குடும்பம். தனக்கு அந்த வாழ்க்கை வேண்டாம் என்றிருந்தவர். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கிற தங்கள் மனைவிகளைப் பார்க்க வரும்படி அவரைக் கேட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. அப்பாதான் டாக்டர், ஆனால் ஆண் டாக்டரை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-இல் திரும்பி வந்து வேலூரில் வேலையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கை மருத்துவமனை, 1909-இல் நர்சிங் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. 1946-இல் அங்கே நர்சிங் பட்டப்படிப்பே வந்துவிட்டது. மருத்துவப் பள்ளி வருவதற்கு ஒன்பது வருஷம் முன்பே நர்சிங் பள்ளி வந்தது என்பதை எங்கள் பிள்ளைகளிடம் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன்.

இதை 'அழைப்பின் கதை' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நான் அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்பேன்: அந்த மூன்று பெண்களின் பெயர் என்ன? யாருக்கும் தெரியாது. கதையில் பெயர் இருப்பவர் ஐடா மட்டும்தான். ஆகவே வீட்டுப்பாடம்: அன்று இரவை அந்த வீடுகளில் ஒன்றின் உள்ளேயிருந்து எழுதி வாருங்கள். விளக்கு எங்கே இருந்தது, யார் தலைமாட்டில் இருந்தார்கள், கணவன் தனியாகத் திரும்பி வந்தபோது என்ன சொன்னான். மருத்துவச்சியின் வாயால் எழுதியவள் உண்டு, மாமியாரின் வாயால் எழுதியவள் உண்டு. "அவர்தானே வேணாம்னாரு, அவளை யாரும் கேக்கலையே" என்று ஒரு நாத்தனார் சொல்வதாக ஒருத்தி எழுதியிருந்தாள். கணவரும் மாமியாரும் கையெழுத்தை முடிவு செய்கிற லேபர் வார்டில் நின்றவர்களுக்கு அது வெறும் பழங்கதை அல்ல.

புனிதர்களின் கதையை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் புனிதரோடு தங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். நோயாளியின் இடம் காலியாகவே இருக்கும்.

பையன்களுக்கும் இந்த வகுப்பு உண்டா?

உண்டு. 'இரக்கம் பெண்களுக்கு, ஊசி பையன்களுக்கு' என்ற நினைப்பு இருக்கிறது. அவர்களுக்கு கமில்லஸ் கதையைச் சொல்வேன். 1550-இல் இத்தாலியில் பிறந்த சிப்பாய், காலில் ஆறாத புண், பெரிய சூதாடி. ரோமில் வைத்தியத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் சூதாட்டத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவர். பிறகு மனம் மாறி, நோயாளிகளைக் கவனிக்கவே ஒரு சபையைத் தொடங்கினார், அவர்கள் அங்கியில் சிவப்புச் சிலுவை இருக்கும். வார்டில் 'பிரதர்' என்று கூப்பிடப்படுகிறவர்களுக்கு அந்த வார்த்தைக்கு இவ்வளவு நீண்ட சரித்திரம் இருப்பது பிடிக்கும். சூதாட்டம் இன்னும் பிடிக்கும்.

இரக்கம் இருந்து கைவேலை தெரியாவிட்டால்?

ஆபத்து. சிமோன் ரோச் என்ற கனடா நாட்டுக் கன்னியாஸ்திரி நர்ஸ், கவனிப்பின் கூறுகள் என்று சிலவற்றைச் சொன்னார். இரக்கமும் திறமையும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சமாரியனையே பாருங்கள்: எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், ராத்திரி கூட இருந்தான், மறுநாள் ஹேண்ட்ஓவர் கொடுத்து, அட்வான்ஸ் கட்டி, திரும்பி வந்து பார்ப்பதாகவும் சொன்னான். அழுததாக எங்கும் எழுதவில்லை.

நைட்டிங்கேலையும் விளக்கோடு மட்டுமே நிறுத்திவிட்டோம். கிரீமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை எண்ணி, வரைபடமாகப் போட்டுக் காட்டியவர் அவர். 1859-இல் அவர் எழுதிய நர்சிங் குறிப்புகளில், நோயாளி இருக்கிற அறையிலேயே குசுகுசுவென்று பேசுவதைக் கொடுமை என்கிறார், ஏனென்றால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்களோ என்று நோயாளி காது கொடுத்துத் தவிப்பார். ரவுண்ட்ஸ் முடிந்து கட்டில் காலடியில் நின்று பேசுகிற பழக்கம் நமக்கு இன்னும் போகவில்லை. விளக்கேற்றும் விழாவில் சொல்கிற உறுதிமொழிகூட அவர் எழுதியதல்ல, 1893-இல் அமெரிக்காவில் டெட்ராய்ட்டில் ஒரு நர்சிங் பள்ளியில் எழுதி அவர் பெயரை வைத்தார்கள்.

சாகப்போகிறவரிடம் என்ன பேசுவது? 'அப்பாகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர்' என்கிறார்களே?

இந்தக் கேள்வியைக் கேட்காத பிள்ளையே இல்லை. மகன் வராந்தாவில் வழிமறித்து, கையைப் பிடித்துக்கொண்டு கேட்பான். உள்ளே போனால் அப்பா கேட்பார், "எனக்கு என்னம்மா, எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க?"

இதற்கு நான் டால்ஸ்டாய் 1886-இல் வெளியிட்ட இவான் இலியிச்சின் மரணக் கதையை எடுக்கிறேன். முழுவதையும் அல்ல, கெராசிம் என்ற வேலைக்காரன் வருகிற பக்கங்களை மட்டும் உரக்க வாசிப்பேன். இவான் பெரிய நீதிபதி, சாகப்போகிறார். மனைவி, டாக்டர், நண்பர்கள் எல்லோரும் 'சின்ன உடம்பு சரியில்லை, சரியாகிவிடும்' என்றே நடிக்கிறார்கள். அந்த நடிப்புதான் வலியைவிட அவரை அதிகம் வதைக்கிறது. கெராசிம் மட்டும் நடிப்பதில்லை. கழிவை எடுத்துப் போடுகிறான், அவர் கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறான், அப்படி வைத்தால்தான் அவருக்கு வலி குறைகிறது. நாம் எல்லோரும் ஒருநாள் சாகிறவர்கள்தானே, இதில் என்ன சிரமம் என்கிறான். அவ்வளவுதான்.

இதை வாசித்துவிட்டு, நர்ஸ் தானாகப் போய் நோயின் பெயரைச் சொல்லலாம் என்ற முடிவுக்கு வரக் கூடாது. அதைச் சொல்வது டாக்டரின் பொறுப்பு. ஆனால் பொய் சொல்லாமல் இருக்கலாம். 'நாளைக்கே வீட்டுக்குப் போயிடலாம் தாத்தா' என்பதற்குப் பதில், 'நீங்க என்ன நினைக்கிறீங்க தாத்தா?' என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரலாம். பாதிப் பேர் தங்களுக்குத் தெரிந்ததை அப்போது சொல்லிவிடுவார்கள். சொன்னதை டாக்டரிடமும், பக்குவமாக மகனிடமும் கொண்டுபோகலாம். கால் வலிக்கிறதென்றால் ஒரு தலையணை வைக்கலாம்.

'கடவுள் எனக்கு ஏன் இப்படிச் செய்தார்?' என்று நோயாளி கேட்டால்?

பதில் சொல்லாதீர்கள். வேதாகமத்தில் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள்.

ஒரு படத்தைக் காட்டுவேன். 1512 முதல் 1516 வரையிலான வருஷங்களில் க்ரூனேவால்ட் வரைந்த ஐசன்ஹைம் பலிபீட ஓவியம், இப்போது பிரான்ஸில் கோல்மார் நகரில் இருக்கிறது. அது இருந்த மடத்து மருத்துவமனைக்கு 'அந்தோணியார் நெருப்பு' என்ற நோய் கண்டவர்கள் வந்தார்கள். ரை தானியத்தில் பிடிக்கிற ஒரு பூஞ்சையால் வருவது அது, கை கால் எரிந்து அழுகிப்போகும். அவர்கள் கண்முன் வைக்கத்தான் அந்த ஓவியன் சிலுவையில் இருப்பவரின் தோல் முழுக்கப் புண்ணாக வரைந்தான். ஆறுதல் வசனம் எதுவும் எழுதவில்லை. பர்ன்ஸ் வார்டு போஸ்டிங் முடித்து வந்த பிள்ளைகள் இந்தப் படத்தின் முன் ரொம்ப நேரம் பேசாமல் இருப்பார்கள்.

இரக்கப்பட்டே சோர்ந்துபோனால்?

போவார்கள். 'இரக்கச் சோர்வு' என்ற சொல்லை 1992-இல் நர்சிங் இதழ் ஒன்றில் எழுதி நம் துறைக்குக் கொண்டுவந்தவர் கார்லா ஜாய்ன்சன். எனக்கும் வந்தது. முன்பு வேலை பார்த்த இடத்தில் தொடர்ந்து இரண்டாவது நைட் டியூட்டி, இருந்த ஸ்டாஃப் நான் ஒருத்தி. ட்ரிப் முடிந்துவிட்டது என்று மூன்றாவது முறை சொல்ல வந்த ஒரு வயதான அம்மாவிடம், "எனக்குக் கண்ணு இருக்கு, போங்க" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்க் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார். ட்ரிப் உண்மையிலேயே முடிந்துதான் இருந்தது.

இதில் என் இரக்கக் குறைவு ஒரு பங்கு. ஆள் போடாதது மறு பங்கு. 'சேவை மனப்பான்மை இருந்தால் டபுள் டியூட்டி பார்ப்பீர்கள்' என்று நிர்வாகம் சொன்னால், அது கிறிஸ்தவ விழுமியம் அல்ல, கணக்கு. மாற்கு 6-இல் வருகிறவர்களும் போகிறவர்களுமாகக் கூட்டம் நெருக்கி, சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாமல் போனபோது, இயேசு அவர்களைத் தனியே போய்ச் சற்று இளைப்பாற அழைத்தார். லீவு கேட்கத் தயங்குகிற பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற வசனம் அது.

இதற்கு மார்க் எப்படிப் போடுவீர்கள்?

இரக்கத்துக்கு மார்க் போட முடியாது, போட்டால் நடிப்பார்கள். எழுதியதற்குப் போடலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சரோன் என்ற டாக்டர் தன் மாணவர்களை இணையாக இன்னொரு கேஸ் ஷீட் எழுத வைத்தார். ஆஸ்பத்திரி ஃபைலில் எழுத முடியாதவற்றை, சாதாரணப் பேச்சு நடையில். இந்த நோயாளியைப் பார்த்தால் செத்துப்போன என் தாத்தா ஞாபகம் வருகிறது என்பது போல. நானும் வாரம் ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன், நோயாளியின் பெயரோ அடையாளமோ கூடாது. தமிழிலோ இங்கிலீஷிலோ மலையாளத்திலோ எழுதலாம். பார்த்ததை எழுதியிருந்தால் மார்க், 'இரக்கம் ஒரு மகத்தான பண்பாகும்' என்று ஆரம்பித்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நாங்களும் தொடங்க நினைக்கிறோம். முதல் வகுப்பில் என்ன செய்யலாம்?

அந்த பிக்காசோ படம். ஏ3 அளவில் கலர் பிரிண்ட், நான்கு பேருக்கு ஒன்று. புரொஜெக்டர் வேண்டாம், விளக்கை அணைத்தால் தூங்கிவிடுவார்கள், நைட் போஸ்டிங் முடித்து வந்தவர்கள் பாவம். படத்தின் பெயரைச் சொல்லாதீர்கள். இரண்டு நிமிஷம் யாரும் பேசக் கூடாது என்று சொல்லுங்கள். நாற்பதாவது விநாடியில் யாராவது சிரிப்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம் குழந்தை யாருடையது என்று கேளுங்கள்.